நுவரெலியாவின் முகம் எது?

நுவரெலியாவைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்த வாவி, 1894இல் எழுந்த செங்கல் தபால் நிலையம், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் அதற்குச் சாட்சி சொல்கின்றன. ஆனால், கட்டடங்களை வைத்து மட்டும் ஓர் ஊரின் குணத்தை எடைபோட முடியாது. விடிந்ததும் சுற்றிலுமுள்ள தோட்டங்களில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்து, நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள் பெண்கள். மண் கழுவிய கரட், லீக்ஸ், கோவா மூட்டைகள் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. சந்தையில் தமிழும் சிங்களமும் கலந்தே பேரம் நடக்கிறது. சீதாஎலியவில் சீதையம்மன் கோயில் மணி ஒலிக்கிறது. இவற்றில் எது இங்கிலாந்து?

சித்திரை வசந்த காலத்தில் கூட்டம் வருவதே அந்த வெள்ளைக்காரச் சாயலைப் பார்க்கத்தானே, அதுதானே ஊருக்குச் சோறு போடுகிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய கட்டடங்களைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால், விடுதி மேசையில் ஆவி பறக்கும் தேநீர் யார் கையால் வந்தது? 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து காடு வெட்டி, கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்களின் சந்ததி அது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அப்போதும் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஆகவே, துரைமாரின் கதையைச் சொல்லும் சுற்றுலாக் கையேடு லயத்தின் கதையையும் சொல்லட்டும். அப்போதுதான் வருகிறவர்கள் நுவரெலியாவை முழுதாகப் பார்த்ததாகும்.