கைக்கு இணங்கும் கணிப்பொறி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறியின் முன் அமரும் நம் பிள்ளைகளிடம் ஓர் அச்சத்தைக் காண்கிறோம். எதைத் தொட்டாலும் கெட்டுவிடும் என்பதே அது. 'தொடாதே, தள்ளி நில்' என்ற சொற்களைத் தலைமுறைகளாகக் கேட்டவர்கள் நாம். அவ்வச்சம் கல்விக் கூடத்திலும் நம்மைத் தொடரலாகாது.

பழவேற்காட்டு ஏரியில் எவர், எங்கே, எந்நாளில் வலையிடுவது என்னும் பாடு முறை மனிதர் வகுத்தது. கணிப்பொறித் திரையின் ஒழுங்கும் அத்தகையதே. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் 1964-இல் உருவாக்கிய முதல் மவுஸ், ஒரே பொத்தான் கொண்ட மரப்பெட்டி. 1968-இல் அதனைப் பலரறியக் காட்டியபோது பொத்தான்கள் மூன்றாயின. இடப்பொத்தான் தேர்வதற்கு, வலப்பொத்தான் பட்டியலைத் திறப்பதற்கு என்ற வழக்கம் பின்னர் வந்தது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வீட்டில் கடிவதுண்டு, கணிப்பொறி கடிவதில்லை. விண்டோஸ் 11-இன் அமைப்புகளில் மவுஸ் பிரிவைத் திறந்து, முதன்மைப் பொத்தானை வலப்பக்கத்திற்கு மாற்றினால் போதும். மவுஸை இடக்கையில் பிடித்துச் சுட்டுவிரலாலேயே இயக்கலாம். மாற்றிய கணமே பொத்தான்களின் பணியும் மாறிவிடும். பழைய முறைக்குத் திரும்பவும் வலப்பொத்தானையே அழுத்த வேண்டும். கூடுதல் மவுஸ் அமைப்புகளில் இருமுறை அழுத்தும் வேகத்தைக் குறைத்தால், ஓலை முடைந்து விரல் காய்த்த தோணிரேவுத் தாய்மாரும் தடுமாற்றமின்றிக் கற்கலாம்.

பட்டியல் இருக்குமிடமும் நிலையானதன்று. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, தொடக்கப் பொத்தானைக் கீழ்ப்பட்டையின் நடுவில் வைத்தது. அதனை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். லினக்ஸ் திரைகள் பலவற்றில் பட்டையையே மேலோ, கீழோ, பக்கத்திலோ வைக்கலாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸ், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கியதே.

பலர் கூடிப் பயிலும் இடத்தில் ஒருவர் வசதி மற்றவர்க்கு இடையூறாதல் கூடாது. ஆதலின் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வேண்டும். அவரவர் மாற்றிய பொத்தான் முறை அவரவர் கணக்கிலேயே நிற்கும். அடுத்தவர் தம் கணக்கில் நுழைந்தால் தம் முறையையே காண்பர்.

இளைஞர்களே! பொறிக்கேற்ப உடலை வளைப்பது கல்வியன்று; பொறியை நம் கைக்கு இணங்கச் செய்வதே கல்வி. அஞ்சாது தொடுங்கள், அறிந்து மாற்றுங்கள், அறிந்ததை அடுத்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.