வெறுப்புக் குற்றச் சட்டமும் சமயச் சுதந்திரமும்: அமெரிக்க விவாதத்தின் வரலாறும் எல்லைகளும்

வெறுப்புக் குற்றச் சட்டங்களின் பாதுகாப்பைப் பால்புதுமையினருக்கும் விரிவுபடுத்தும் முயற்சி, சமயப் போதனையை அது முடக்கும் என்ற எதிர்ப்பைப் பல நாடுகளில் சந்தித்திருக்கிறது. அந்த எதிர்ப்பு மிக விரிவாக வாதிடப்பட்டு நீதிமன்றம் வரை சென்ற நாடு அமெரிக்கா. இக்கருத்தரங்கின் அமர்வுகளுக்கு முன்னுரையாக அந்த விவாதத்தின் தோற்றமும் வாதங்களும் தீர்ப்புகளும் இங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன.

இரண்டு வகைச் சட்டங்களை முதலில் பிரித்தறிய வேண்டும். அடிதடி, கொலை, தீவைப்பு ஆகியவை எந்த நிலையிலும் குற்றங்களே. பாதிக்கப்பட்டவரின் இனமோ சமயமோ பாலீர்ப்போ தாக்குதலுக்குக் காரணமானால் தண்டனையைக் கூட்டுவது வெறுப்புக் குற்றச் சட்டம். வெறுப்புப் பேச்சுச் சட்டம் சொல்லையே குற்றமாக்குகிறது. சமயத் தரப்பின் அச்சங்களில் பெரும்பகுதி இரண்டாம் வகைச் சட்டங்களைக் கண்டு எழுந்தது. எதிர்ப்போ முதல் வகைச் சட்டத்தின் மீது திரும்பியது.

1998 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தின் ஜாஸ்பர் நகரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவர் வண்டியில் கட்டி இழுத்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் வயோமிங் மாநிலத்தின் லாரமி நகருக்கு வெளியே மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவர் தாக்கப்பட்டு, வேலியில் கட்டிப்போடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். அவர் தற்பாலீர்ப்பாளர். 1960களின் இறுதியில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இனம், நிறம், சமயம், பிறப்பு நாடு ஆகியவற்றை மட்டுமே குறிப்பிட்டது. வாக்களித்தல், பள்ளி செல்லுதல் போன்ற சில செயல்களில் ஈடுபட்டிருந்தவரைத் தாக்கினால்தான் அதுவும் பொருந்தியது. இவ்விரு குறைகளையும் நீக்கும் மசோதா 2007இல் பிரதிநிதிகள் சபையில் 237க்கு 180 என்ற வாக்கில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. 2009இல் பாதுகாப்புத் துறைச் செலவினச் சட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. அக்டோபர் 28 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட, ஷெப்பர்ட், பேர்ட் இருவரின் பெயரையும் தாங்கிய சட்டம் உருவானது.

சமய அமைப்புகள் அனைத்தும் ஒரே பக்கம் நிற்கவில்லை. எபிஸ்கோப்பல் திருச்சபை, ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை, சீர்திருத்த யூத அமைப்புகள் ஆகியவை ஆதரித்தன. ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில், ஃபோக்கஸ் ஆன் தி ஃபேமிலி போன்ற பழமைவாதக் கிறித்தவ அமைப்புகள் எதிர்த்தன.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் மூன்று. முதலாவது, உடந்தை பற்றியது. குற்றம் செய்யுமாறு பிறரைத் தூண்டுபவரும் ஆலோசனை கூறுபவரும் குற்றவாளிகளே என்பது கூட்டாட்சிக் குற்றவியலின் பழைய விதி. தற்பாலுறவு பாவம் என்று ஒரு போதகர் பிரசங்கம் செய்து, அதைக் கேட்டவர் எவரையேனும் தாக்கினால் போதகரும் கூண்டில் ஏற்றப்படலாம் என அவர்கள் வாதிட்டனர். இரண்டாவது, எண்ணத்துக்குத் தண்டனை கூடாது என்பது. ஒரே அடிக்கு இருவேறு தண்டனை விதித்தால், கூடுதல் தண்டனை குற்றவாளியின் கருத்துக்கே உரியதாகிறது என்றனர். மூன்றாவது, பேச்சையே தண்டிக்கும் சட்டங்களுக்கு இது முன்னோட்டம் என்ற அச்சம். இதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகக் காட்டப்பட்டன.

ஒன்று சுவீடனில் நடந்தது. பெந்தெகொஸ்தே போதகர் ஓகே கிரீன் 2003இல் செய்த பிரசங்கத்துக்காக 2004இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் விடுதலையானார், 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. அவரது பேச்சு உள்நாட்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தாலும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தண்டனைக்கு இடம்தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். மற்றொன்று பிலடெல்பியாவில் நடந்தது. 2004 அக்டோபரில் பால்புதுமையினர் விழா ஒன்றில் ஒலிபெருக்கியோடு பிரசாரம் செய்தவர்கள் கைதாயினர். அவர்கள்மீது பென்சில்வேனியாவின் வெறுப்புக் குற்றச் சட்டமும் பாய்ந்தது. 2005 பிப்ரவரியில் நீதிபதி எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தார். சுவீடன் வழக்கு வெறுப்புப் பேச்சுச் சட்டத்தின்கீழ் வந்தது. பிலடெல்பியா வழக்கோ வெறுப்புக் குற்றச் சட்டத்தைக் காவல்துறை பேச்சை நோக்கி நீட்ட முயன்றதன் விளைவு. ஆகவே எதிர்ப்பாளர்களின் கையில் இருந்த வலுவான சான்று பிலடெல்பியாவே.

2009 சட்டத்தின் வாசகம் இந்த அச்சங்களுக்கு நேராக விடை தருகிறது. வேண்டுமென்றே உடற்காயம் விளைவிப்பதும், தீயோ துப்பாக்கியோ வெடிபொருளோ பிற அபாயகரமான ஆயுதமோ கொண்டு அதற்கு முயல்வதும் மட்டுமே குற்றம். தண்டனை பத்தாண்டு வரை. மரணமோ ஆள்கடத்தலோ நேர்ந்தால் ஆயுள் வரை. பாலீர்ப்பு, பாலின அடையாளம் சார்ந்த வழக்குகளில் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தோடு தொடர்பும் காட்டப்பட வேண்டும். சமய, அரசியல் நம்பிக்கையை வெளியிட்டதை மட்டும் காரணமாக்கி வழக்குத் தொடர இச்சட்டம் இடமளிக்காது என்ற விளக்க விதியும் சேர்க்கப்பட்டது. ஆயினும் மிச்சிகன் மாநிலப் போதகர்கள் சிலர் 2010இல் வழக்குத் தொடுத்தனர். வன்முறையில் ஈடுபடும் நோக்கமே அவர்களுக்கு இல்லாததால் சட்டம் அவர்களைத் தொடவில்லை, எனவே வழக்காடும் தகுதியும் இல்லை என்று ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் கூறியது.

பேச்சுக்கும் செயலுக்கும் இடையிலான கோடு அதற்கு முன்பே வரையப்பட்டிருந்தது. உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றிப் பேச்சைத் தண்டிக்க முடியாது என்பது 1969ஆம் ஆண்டின் பிராண்டன்பர்க் தீர்ப்பு. 1992இல் வெறுப்பு வெளிப்பாட்டைக் குறிவைத்த செயின்ட் பால் நகர விதியை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அடுத்த ஆண்டே விஸ்கான்சின் எதிர் மிட்செல் வழக்கில், வெறுப்பால் ஆளைத் தேர்ந்து தாக்கியவருக்குத் தண்டனையைக் கூட்டலாம் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோக்கத்தை நிறுவ ஒருவரின் சொற்களைச் சாட்சியமாகக் கொள்வதற்கும் அது தடை சொல்லவில்லை.

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் இன்றும் எஞ்சி நிற்பது இந்தச் சாட்சியப் பகுதிதான். தாக்கியவரின் சமய நம்பிக்கை வழக்கில் எந்த அளவுக்கு ஆராயப்படலாம்? ஓஹையோவில் ஆமிஷ் குழு ஒன்று 2011இல் சக ஆமிஷ் மக்களின் தாடியையும் கூந்தலையும் வலிந்து வெட்டியது. 2009 சட்டத்தின் சமயப் பிரிவின்கீழ் பதினாறு பேர் தண்டிக்கப்பட்டனர். சமயம் ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் போதும் என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தியது தவறு, சமயக் காரணம் இல்லாவிட்டால் தாக்குதலே நடந்திராது என்று நிறுவப்பட வேண்டும் என்று கூறி, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெறுப்புக் குற்றத் தீர்ப்புகளை நீக்கியது. இந்தக் கடுமையான அளவுகோல் பால்புதுமையினர் மீதான தாக்குதல் வழக்குகளுக்கும் பொருந்தும். சமயமும் பாலீர்ப்பும் ஒரே சட்டத்தில் காக்கப்படுவதால், ஒன்றுக்குத் தரும் விளக்கம் மற்றொன்றையும் கட்டுப்படுத்துகிறது.

பேச்சைத் தண்டிக்கும் நாடுகளில் தீர்வு வேறு வடிவம் பெற்றது. கனடா 2004இல் வெறுப்புப் பரப்புரைச் சட்டத்தில் பாலீர்ப்பைச் சேர்த்தபோது, சமய நூலின் அடிப்படையில் நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்தைக் காக்கும் விதியைத் தெளிவுபடுத்தியது. இங்கிலாந்து 2008இல், பாலுறவு நடத்தையை விமர்சிப்பது அதனளவிலேயே அச்சுறுத்தல் ஆகாது என்ற விதியைச் சேர்த்தது.

ஆகவே அமர்வுகள் ஆராய வேண்டியவை மூன்று: விதிவிலக்கு வாசகங்கள் கைது, விசாரணை நிலையிலேயே காவல்துறையைக் கட்டுப்படுத்துகின்றனவா, சமய நம்பிக்கையைச் சாட்சியமாகக் கொள்வதன் எல்லை எது, காரணத்தை நிறுவும் கடுமையான அளவுகோல் பாதிக்கப்பட்டோருக்கான பாதுகாப்பைக் குறைக்கிறதா. பிரசங்கமே குற்றமாகுமா என்ற கேள்விக்கு ஆகாது என்று அமெரிக்கச் சட்டம் தெளிவாக விடை கூறிவிட்டது. சான்றும் தண்டனையும் பற்றிய இக்கேள்விகளுக்கே இன்னும் முடிவான விடை தேவைப்படுகிறது.