கடல் கடந்த பந்தி



விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதாகும். நூலுக்குரிய வனப்புக்களை வகுத்துரைக்கும் தொல்காப்பியர், புதிதாகப் புனையப்படும் ஆக்கத்துக்கு விருந்து என்று பெயரிடுகின்றார். பின்னாளில் அச்சொல் புதிதாக வந்த மனிதரைக் குறித்தது. அதன்பின் அம்மனிதருக்கு இடப்படும் உணவையும் குறித்தது. இந்தக் கணக்கின்படி பார்த்தால், நம் மாமனும் மைத்துனனும் நம் வீட்டில் வந்து உண்பது விருந்தன்று. அவர்கள் சுற்றத்தார். வள்ளுவரும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் சுற்றந்தழாலுக்கு வேறோர் அதிகாரமுமாகப் பிரித்தே வைத்தார்.

இன்றோ நாம் கலியாணத்துக்கும் பூப்புநீராட்டுக்கும் அழைப்பிதழ் அனுப்பி, அறிந்தவரை மட்டும் வருவித்து உண்பிப்பதை விருந்து என்கின்றோம். முன்பின் அறியாதவர் அப்பந்தியில் வந்து அமர்ந்தால், "இவர் எந்தப் பகுதி?" என்ற கேள்வி அடுக்களை வரைக்கும் செல்லும். சொல் நம்மிடம் இருக்கின்றது. அதன் பழைய பொருள் நம் கையை விட்டு நழுவிவிட்டது. அப்பொருளை ஒருவன் தன் வயிற்றாலேயே அறிந்துகொள்ள வேண்டுமாயின், அவன் பிறநாடு ஒன்றில் சில காலம் வாழவேண்டும். அங்கே அவனே விருந்தாகிவிடுகின்றான்.

நான் அம்பாறைக் கரையோரத்தில் திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரத்தைச் சேர்ந்தவன். 2000ஆம் ஆண்டு முதல் 2003 வரை மாலைதீவில் ஆங்கில ஆசிரியனாகப் பணியாற்றினேன். அந்நாட்டுப் பாடசாலைகளிலே கல்வி பெரும்பாலும் ஆங்கில மொழியில் நடைபெறுவதனால், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர் பலர் அங்கு சென்று தொழில் பார்த்துவந்தனர். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு தீவுகளைக் கொண்ட அந்த நாட்டில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் இருநூற்றுக்கும் குறைவு. எனக்குக் கிடைத்தது வடபுறத்தில் ஒரு சிறு தீவு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரு சுருட்டுப் புகைத்து முடிப்பதற்குள் நடந்துவிடலாம்.

அத்தீவுகளுக்கு நமக்கு முன்பே சென்று உண்டவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மொறொக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய இபுனு பதூதா 1343ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்தார். அங்கே காதியாராகவும் பதவி வகித்தார். 1344இல் இலங்கைக்கு வந்து, பாவாத மலை என்றும் சிவனொளிபாதமலை என்றும் நாம் வழங்கும் மலையிலும் ஏறினார். தீவு மக்களின் வழக்கம் ஒன்றை அவர் தம் பயண நூலிலே எழுதிவைத்திருக்கின்றார். அயல்நாட்டுக் கப்பல் ஒன்று வந்ததும், தீவினர் சிறு படகுகளில் ஏறி, வெற்றிலையும் இளநீர்க்காயும் கொண்டு அதனை எதிர்கொள்வார்களாம். கப்பலில் வந்தோரில் தாம் விரும்பிய ஒருவருக்கு ஒவ்வொருவரும் அவற்றைக் கொடுப்பார்களாம். கொடுத்த மாத்திரத்தில் அந்த அந்நியர் கொடுத்தவரின் விருந்தினர் ஆகிவிடுவார். அவருடைய மூட்டைமுடிச்சுக்களை, உறவினர் ஒருவருடையவற்றைப் போலவே, தம் வீட்டுக்குச் சுமந்து செல்வார்கள். பெயர் கேட்பதற்கும் ஊர் விசாரிப்பதற்கும் முன்னரே உறவு முடிந்துவிடுகின்றது!

நான் சென்ற காலத்தில் அந்த வழக்கம் அவ்வண்ணமே இருக்கவில்லை. ஆயினும் அதன் சாயல் இருந்தது. ஒருநாள் பக்கத்துத் தீவுக்குப் போவதற்காகத் துறைமுகத்திலே காத்திருந்தேன். மழையும் காற்றும் ஓயவில்லை, படகு வரவில்லை. கயிற்றால் வலைபோலப் பின்னிய இருக்கைகளில் முதியவர்கள் சாய்ந்திருந்தார்கள். மீன்பிடித்துத் திரும்பிய நால்வர் ஒரு சட்டியைத் திறந்து வைத்து உண்ண அமர்ந்தனர். சூரை மீனை உப்பு நீரில் அவித்தெடுத்த தெளிந்த ஆணம். அதனைக் கருதியா என்பார்கள். சோறு, தேசிக்காய், வெங்காயம், கொச்சிக்காய் ஆகியவற்றோடு அதனை உண்பார்கள். அவர்களுள் ஒருவர் என்னை நோக்கிக் கையசைத்து, சாப்பிட வருமாறு அழைத்தார். மறுப்பதற்கு எனக்கு மொழி போதவில்லை. ஒரு தட்டு என்முன் வந்தது. நான் உண்டு கைகழுவும் வரையில், நான் யார் என்று எவரும் கேட்கவில்லை. கைகழுவிய பின்னரே, "ஆசிரியரா? இலங்கையா?" என்றார்கள்.

அந்தச் சட்டியில் எனக்கு அந்நியமானது ஒன்றுமில்லை என்பதை மெல்ல மெல்ல உணர்ந்தேன். மீனுக்கு அவர்கள் மொழியில் மஸ் என்று பெயர். நம் தாய்மார் தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போடும் மாசி, அந்நாட்டிலிருந்து நூற்றாண்டுக் கணக்காக வந்துகொண்டிருக்கும் அதே சூரைக் கருவாடேயாகும். இபுனு பதூதாவும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார். அவர்கள் ஏறிச்செல்லும் படகுக்குப் பெயர் தோணி. இளநீர்க்காய்க்குப் பெயர் குரும்பா. நம் குரும்பையும் அவர்கள் குரும்பாவும் ஒரு குலையிற் காய்த்தவை போலல்லவா ஒலிக்கின்றன! யாரை நாம் அந்நியர் என்று எண்ணுகின்றோமோ, அவர்களின் உணவு நம் அம்மிக்கும் உரலுக்கும் எப்போதோ அறிமுகமாகிவிட்டது.

இனி நான் சொல்லப்போவது, அந்நாட்டில் என்னோடு உணவைப் பகிர்ந்தவர்களுள் எனக்கு மிகவும் அந்நியராய் இருந்த ஒருவரைப் பற்றி. அவர் மாலைதீவினர் அல்லர், நம் கரையோரத்தவர்.

விடுமுறை நாளொன்றில் தலைநகர் மாலேயில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குச் சென்றிருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு முந்திய இரவு. இருக்கை கிடைப்பது அரிதாயிருந்தது. ஒரு மேசையில் இருவர் இருந்தனர். மூன்றாவது நாற்காலியில் நான் அமர்ந்தேன். அவர்களுள் மூத்தவர் தம் தோழரிடம் ஏதோ கதை கூறிக்கொண்டிருந்தார். இடையிலே, "மறுகா என்ன நடந்தது?" என்று அத்தோழர் கேட்டார். நேயர்களே, 'மறுகா' என்னும் அந்த ஒரு சொல் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தவருக்கு ஊர்ச்சீட்டுப் போன்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். "மாஸ்டர், ஒங்கட ஊர் எவடம்?" என்றார். அவர் ஊர் நிந்தவூர்ப் பக்கம். ஓடாவி வேலை செய்ய வந்தவர். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவுதான் தூரம். நாங்கள் சந்தித்துக்கொள்ள எழுநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலைத் தாண்டவேண்டியிருந்தது.

எங்கள் கரையோரத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். திருக்கோவிலிலிருந்து வடக்கே கல்முனை வரை பெருந்தெரு வழியே பஸ் வண்டியில் சென்றால், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். சில தமிழர் ஊர். சில முஸ்லிம்கள் ஊர். சிலவற்றில் ஒரு தெரு இவர்களுடையது, மறு தெரு அவர்களுடையது. பேசும் மொழி ஒன்று. தாய்வழி வரும் குடிமுறை இருசாராரிடமும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பதும் இருசாராரிடமும் உண்டு. 1969ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆராயத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இந்த ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் விரிவாக எழுதி 2008இல் பெருநூலாக வெளியிட்டார். மருதமுனை நெசவுச் சேலை எங்கள் வீட்டுப் பெண்கள் உடுத்தது. எங்கள் வயலின் நெல் அவர்கள் ஆலைகளிற் குற்றுப்பட்டது. எல்லாம் இருந்தன. ஆனால் கொடுக்கல் வாங்கல் திண்ணையோடு நின்றது. பந்திக்கு வரவில்லை. பின்னர் 1990ஆம் ஆண்டின் கொடிய வன்செயல்கள் வந்தன. இரு பக்கத்திலும் உயிர்கள் போயின; திண்ணைக்கு வந்த கால்களும் நின்றுபோயின.

இந்தப் பின்னணியில்தான் அவர் என்னை மறுநாள் தம் விடுதிக்கு அழைத்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் அங்கே சகன் சோறு. சகன் என்பது ஒரு பெருந்தட்டு. பாயில் விரிப்புப் போட்டு, அத்தட்டில் சோற்றைக் குவித்து, கறிகளை அதில் வைத்து, ஆறு பேர் சூழ்ந்திருந்து உண்பது எங்கள் கரையோர முஸ்லிம்களின் வழக்கம். அதற்கு முறை உண்டு. இளையவர் மற்றவர்களின் கைக்கு நீர் வார்ப்பார். ஒவ்வொருவரும் தமக்கு நேரே உள்ள சோற்றை மட்டுமே உண்ணவேண்டும்; பிறர் பக்கத்துக்குக் கை போகலாகாது. நல்ல துண்டு கண்ணிற்பட்டால் அதனை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுதல் மரியாதை. ஒருவர் முன்னரே உண்டு முடித்தாலும் மற்றவர்கள் முடிக்கும்வரை இருப்பார்.

அன்று அவ்விடுதியில் எங்கள் கரையோரத்தவர் நால்வர் இருந்தனர், என்னோடு ஐவர். "ஆறு நிறையல்லியே" என்று கூறி, அடுத்த அறையில் வசித்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவரை அழைத்துவந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ சகன் முறை தெரியாது. இருவரும் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டோம். சூரை மீன் ஆணம், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல் இருந்தன. மாட்டிறைச்சி இல்லை. அதைப் பற்றி யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. என்பொருட்டு அது அன்று சமைக்கப்படவில்லை என்பதை நானாகவே விளங்கிக்கொண்டேன். மீனின் வயிற்றுப்பக்கத் துண்டை அந்த மூத்தவர் என் பக்கம் தள்ளினார். பேச்சு 1990க்கு வந்தது. அவர் இழந்த தம்பியைப் பற்றிச் சொன்னார். நான் எங்கள் தெருவில் இழந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். யார் தொடங்கியது என்ற வழக்கை இருவரும் எடுக்கவில்லை. ஒரே தட்டில் கை வைத்திருப்பவர்களுக்கு அந்த வழக்கைப் பேசுவது எளிதன்று. வரும்போது மாஸ்டர் என்று அழைத்தவர், வழியனுப்பும்போது தம்பி என்றழைத்தார். நான் அவரை நானா என்றேன்.

முப்பது கிலோமீற்றரில் நடவாதது அங்கே எப்படி நடந்தது? நான் பலமுறை சிந்தித்ததுண்டு. பிறநாட்டில் எவருக்கும் சொந்த அடுக்களை இல்லை. பசி எல்லோரையும் ஒரே மேசைக்கு ஓட்டிவருகின்றது. பார்த்துக் குறை சொல்ல ஊரும் அங்கில்லை. தன் ஊரில் ஒருவன் உண்ணும்போது அவன் மட்டும் உண்பதில்லை. அவன் குடியும் கோயிலும் தெருவும் அவனோடு பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. கடல் கடந்த இடத்தில் அவன் தனியே உட்காருகின்றான்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள், ஊரிலேயே எம்மை அடுக்களை இல்லாதவர்களாக்கிற்று. இலங்கையிலே மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே மாண்டனர். அதே அலை மாலைதீவையும் தாக்கியது. அந்நாட்களில், தானும் அடிபட்ட அயலூர் ஒன்றிலிருந்து முஸ்லிம் இளைஞர் சிலர் சோற்றுப் பார்சல்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு வந்தார்கள். முதியவர் சிலர் தயங்கி நிற்பதைக் கண்ட ஓர் இளைஞர், "பருப்பும் கத்தரிக்காயும்தான் அம்மா, பயப்படாமச் சாப்பிடுங்க" என்றார். அவர்களும் உண்டார்கள். ஆனால் வீடுகள் எழுந்தன, அடுக்களைகள் எழுந்தன, பந்திகள் மறுபடியும் பிரிந்தன. அழிவு வந்தால்தான் சேர்ந்துண்போம் என்பது நமக்குப் பெருமை தரும் நிலையன்று.

ஒரு வேளைச் சோற்றால் காணித் தகராறும் எல்லைத் தகராறும் தீர்ந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். தீராது. அவற்றுக்குச் சட்டமும் நிருவாகமும் நேர்மையான பேச்சுவார்த்தையும் வேண்டும். ஆனால் பேச வருபவர் யார் என்று அறிந்து பேசுவது ஒன்று. ஒரு கூட்டத்தின் பெயரை மட்டும் அறிந்து பேசுவது வேறு. நிந்தவூரைப் பற்றி யாராவது என் முன்னே பொதுப்படையாகத் தீங்கு பேசினால், மீன் துண்டைத் தள்ளிய ஒரு கை என் நினைவுக்கு வருகின்றது. அத்தகைய பேச்சை நான் பின்பு எளிதில் நம்புவதில்லை. வினாயகபுரத்தைப் பற்றிப் பேசப்படும் இடத்தில் அவரும் நம்பமாட்டார்.

நான் இன்று ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்து படிக்கின்றார்கள். விளையாட்டுப் போட்டிக்கு ஒன்றுகூடினாலும், மதிய வேளையில் அவரவர் பார்சலோடு அவரவர் மரநிழலுக்குப் போய்விடுகின்றார்கள். வெயிலில் ஒன்றாக ஓடிய பிள்ளைகள் நிழலில் பிரிகின்றார்கள்! இதனை மாற்றச் சுற்றுநிருபம் வேண்டியதில்லை. இரு பாடசாலை ஆசிரியர்களும் கூடி, எல்லோருக்கும் ஆகும் ஒரு கறி, ஒரு பானைச் சோறு சமைப்பித்து, ஆறு பிள்ளைகளை ஒரு வட்டமாக இருத்தினால் போதும். வட்டத்தில் மூவர் இவ்வூர், மூவர் அவ்வூர் என்பதே விதி.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருக்கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தமும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும் ஆண்டுதோறும் வருகின்றன. இரண்டிலும் சோறு ஆக்கப்படுகின்றது. அவ்வேளைகளில் அயலூரிலிருந்து, நீங்கள் பெயர் அறியாத ஒருவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அவருக்கு ஆகாத உணவு எது என்று முதலிலேயே கேட்டு, அதனை அன்று தவிர்த்துவிடுங்கள். மற்றவற்றை உண்டு முடித்த பின்னர் விசாரித்துக்கொள்ளலாம்.