நூல் அறுந்தால் யார் குற்றம்?

(குருவிகுளம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கம்ப்யூட்டர் ஆபீஸில் நடக்கும் சண்டை நமக்கு எதற்கு என்பீர்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதலே அந்த வேலை நடக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் போகும் வேலை. ஆகவே கேளுங்கள்.

அங்கே இரண்டு வகை ஆட்கள். ஒருவர் தரவு விஞ்ஞானி; மலைபோல் குவிந்த விவரங்களை அலசி, நாளை என்ன நடக்கும் என்று கணிப்பவர். மற்றவர் மென்பொருள் பொறியாளர்; அந்தக் கணிப்பு அன்றாடம் தடையின்றி ஓடும்படி காப்பவர். கணினிக்கு இருவரும் எழுதும் கட்டளைக்கு நிரல் என்று பெயர். விடை வந்ததும் விஞ்ஞானி அடுத்த வேலைக்குப் போகிறார். நடுராத்திரி அது நின்றுபோனால் எழுப்பப்படுகிறவர் பொறியாளர். “இது நிரலா, குப்பையா?” என்கிறார் இவர். “கணக்குத் தெரியாதவருக்கு என்ன தெரியும்?” என்கிறார் அவர்.

சங்கரன்கோவில் விசைத்தறிக்காரரைக் கேளுங்கள். இழை அறுந்தால் அவர் முதலில் திட்டுவது நூற்றவனைத்தான். நூற்றவனை விரட்டியது யார் என்று தறிக்குத் தெரியுமா?

2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் பெர்குசன் குழு, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர் கொரோனாவில் மடிவார்கள் என்று கணித்தது. நாடே ஊரடங்கிற்குப் போயிற்று. நிரலைக் காட்டுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான வரிகள், விளக்கக் குறிப்பே இல்லை, 13 வருஷத்துக்கு முன் ஃப்ளூ காய்ச்சலுக்காக எழுதியது என்று பெர்குசனே ஒப்புக்கொண்டார். மைக்ரோசாப்ட் ஆட்கள் உதவியுடன் ஒழுங்குபடுத்தி ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். பொறியாளர்கள் பலர் எள்ளி நகையாடினார்கள். ஆனால் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் அதை ஓட்டிப் பார்த்தபோது அறிக்கையை ஒட்டியே விடை வந்தது! கணக்குத் தேறியது, நிரலின் அழகு அப்படித்தான் இருந்தது. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு: முடிவெடுத்த பிறகல்லவா சரிபார்க்க முடிந்தது?

பிரிட்டன் கிடக்கட்டும். தெலங்கானாவில் கணினி சொன்னதை வைத்து ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை நேரில் போய் விசாரியுங்கள் என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்ல நேர்ந்தது. பானையில் அரிசி இல்லாதவன் எந்த நிரலைத் திறந்து பார்ப்பான்?

வெள்ளோட்டத்துக்கு எழுதியதையே நிரந்தர வேலைக்குப் பூட்டு, நாளைக்கே ஓட்டு என்கிறது மேலிடம். சோதித்துப் பார்க்க நாள் கேட்டால் கிடையாது. கீழே இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள்.

பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். எழுதியதைச் சரிபார்க்க எத்தனை நாள் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.