அவரவர் வாசலுக்கு எதிரே

வானொலி மறையுரை
வாசகப் பகுதி: நெகேமியா 2:1-18, 5:1-13



ஓர் ஊர் சிதைந்து கிடக்கிறது. அதை மீண்டும் கட்டியெழுப்ப அரசு உதவுவதாகச் சொல்கிறது. அந்த ஊர் மக்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்? “எவ்வளவு பணம் வரும்? யார் கைக்கு வரும்?” இந்தக் கேள்விகள்தாம் பெரும்பாலும் நம் வாயில் முதலில் வருகின்றன. இதே நிலையில் இருந்த ஒருவரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் நெகேமியா.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 445 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நெகேமியா பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவின் அரண்மனையில் பானம் பரிமாறும் பணியில் இருந்தார். எருசலேமின் மதில் இடிந்து, வாயில்கள் தீக்கிரையாகிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்து அழுதார், நோன்பிருந்து மன்றாடினார். பிறகு மன்னரிடம் துணிந்து கேட்டார். ஆளுநர்களுக்குக் கடிதம் கேட்டார். அரச காட்டிலிருந்து மரம் கொடுக்கும்படி காவலர் ஆசாபுக்கு ஓர் ஆணை கேட்டார். இன்றைய பேச்சில் சொன்னால், அனுமதியும் வாங்கினார், அரசு நிதியுதவியும் வாங்கினார். அரசிடம் கேட்பது விசுவாசக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. அந்த மன்னரின் மனத்தையும் ஆண்டவர்தாம் இளகச் செய்தார் என்று நன்றியோடு சொல்கிறார்.

ஆனால் கையில் ஆணையோடு எருசலேம் வந்தவர், வந்த அன்றே மேடை போட்டு அறிவிக்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார். பிறகு ஓர் இரவில், சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு, மதிலைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த விலங்கு நுழைவதற்கே வழியில்லை, அவ்வளவு இடிபாடு. எங்கே ஆழமாக உடைந்திருக்கிறது என்று தம் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் மக்களைக் கூட்டினார். அங்கேயும் “நான் கட்டித் தருகிறேன்” என்று சொல்லவில்லை. “வாருங்கள், நாம் கட்டுவோம்” என்ற பொருளில்தான் பேசினார்.

மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள்! ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியல்தான் எருசலேமின் வேலைத்திட்டம். தலைமைக் குருவும் மற்றக் குருக்களும் ஒரு வாயிலைக் கட்டுகிறார்கள். பொற்கொல்லர் ஒரு பகுதி, நறுமணத் தைலம் செய்வோர் ஒரு பகுதி, வணிகர் ஒரு பகுதி. ஒருவர் தம் புதல்வியரோடு சேர்ந்து கட்டுகிறார். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் குனிந்து வேலை செய்ய மறுத்தார்கள் என்பதையும் நூல் மறைக்கவில்லை. ஆனால் அதே ஊர்ச் சாதாரண மக்கள் தங்கள் பங்கை முடித்து, இன்னொரு பங்கையும் ஏற்றார்கள். இவற்றுக்கு நடுவே ஒரு குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது: இன்னார் தம் வீட்டுக்கு எதிரே கட்டினார். தன் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சுவரில் யார் கலப்படம் செய்வார்? இப்படித்தான் ஐம்பத்திரண்டே நாளில் அந்த மதில் எழும்பியது.

அன்பர்களே, இது பழைய கதையோடு முடியவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில், புரூக்ளின் பகுதியின் கிழக்கே பிரவுன்ஸ்வில், ஈஸ்ட் நியூயார்க் என்ற இடங்கள் உண்டு. 1970-களில் அங்கே தெருத் தெருவாக வீடுகள் எரிந்து, கைவிடப்பட்டு, வெற்று மனைகளாய்க் கிடந்தன. அங்கிருந்த கத்தோலிக்கப் பங்குகளும் மற்றக் கிறிஸ்தவச் சபைகளும் 1980 வாக்கில் ஓர் அமைப்பாகச் சேர்ந்தன. வந்தவுடன் அவர்கள் வீடு கேட்கவில்லை. முதலில் தங்கள் தெருக்களில் நடந்து பார்த்தார்கள். தெருப் பெயர்ப்பலகைகள் காணாமற் போயிருந்தன. அவற்றைத் திரும்ப வைக்கச் செய்தார்கள். மளிகைக் கடைகளில் எடையும் சுத்தமும் சரியில்லை. உள்ளே போய்ச் சோதித்துக் கடைக்காரர்களைத் திருத்தச் செய்தார்கள். சின்ன வேலைகளில் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்ட பிறகுதான் வீடு கட்டும் பெரிய திட்டத்துக்கு வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நெகேமியாத் திட்டம்!

சபைகள் தங்களிடம் இருந்த பணத்தைக் கட்டுமானத்துக்கு வட்டியில்லாக் கடனாகத் தந்தன. புரூக்ளின் கத்தோலிக்க மறைமாவட்டமும் அதில் முன்னின்றது. அப்போது ஆயராக இருந்தவர் பிரான்சிஸ் முகவேரோ. தங்கள் பணத்தை முதலில் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மாநகர மேயர் எட் காக்கிடம் போனார்கள். நகராட்சி வெற்று மனைகளைத் தந்தது. வீடு ஒன்றுக்கு 10,000 டாலர் வட்டியில்லாக் கடனும் தந்தது. வீட்டை விற்கும்போது அதைத் திருப்பினால் போதும். 1982-இல் தொடங்கிய அந்தப் பணி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளாக எழுந்தது. அதுவரை வாடகைக்கே வாழ்ந்த உழைக்கும் குடும்பங்கள் சொந்த வீட்டில் குடியேறின.

சரி, மதில் எழும்பினால் எல்லாம் முடிந்துவிட்டதா? நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கூக்குரல் எழுகிறது. எதிரிகளுக்கு எதிரான கூக்குரல் அன்று. சொந்தச் சகோதரர்களுக்கு எதிராக ஏழைகளும் அவர்கள் மனைவியரும் எழுப்பிய கூக்குரல். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம். வரி கட்டக் கடன் வாங்கினோம். இப்போது பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கிறோம் என்று கதறினார்கள். பகலெல்லாம் ஊருக்காகக் கல் சுமந்தவர்கள், அந்த ஊரில் தமக்கென ஓர் இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். நெகேமியா கடுஞ்சினம் கொண்டார். பெரிய சபையைக் கூட்டி, வட்டி வாங்கிய தலைவர்களிடம் நேருக்கு நேர் பேசி, நிலங்களையும் வீடுகளையும் அன்றே திருப்பித் தரச் செய்தார். ஆளுநருக்கு உரிய படியைக்கூடப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வாங்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழகத்தில் ‘நமக்கு நாமே’ என்று ஒரு திட்டம் இருப்பதை அறிவீர்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்பதே அதன் பொதுவான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், மக்கள் தங்கள் பங்கைப் போட்ட வேலையை மக்களே கண்காணிப்பார்கள். ஆனால் சற்று யோசியுங்கள். வசதியுள்ள தெரு தன் பங்கை ஒரே வாரத்தில் திரட்டிப் பூங்கா கட்டிக்கொள்ளும். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் வாழும் தெரு அந்த ஒரு பங்குக்கு எங்கே போகும்? தேவை அதிகமுள்ள இடத்துக்கே பணம் போய்ச் சேராமல் நின்றுவிடலாம். ஐந்தாம் அதிகாரத்தின் கூக்குரல் அங்கேதான் கேட்கிறது.

சிறிய குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்ளக் கூடாது. அதே நேரத்தில் அவற்றுக்குத் துணை நிற்கவும் வேண்டும் என்று 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் தம் சுற்றுமடலில் போதித்தார். அரசு துணை நிற்பது ஒரு புறம். பங்குச் சமூகமாகிய நாமும் துணை நிற்க வேண்டும் அல்லவா?

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நடந்து பாருங்கள். உங்கள் அன்பியத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு மாலையில் வார்டு முழுவதையும் சுற்றி வாருங்கள். எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது, எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுங்கள்.

இரண்டாவது, சபைக்குப் போங்கள். கிராமத்தில் கிராம சபை, நகரத்தில் பகுதி சபை என்று மக்கள் பேசுவதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அங்கே போகும்போது கோவில் சுற்றுச்சுவருக்கான மனுவை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். நெகேமியா கட்டியது எல்லாரும் பாதுகாப்பாக வாழ்வதற்கான ஊர் மதில். இந்துச் சகோதரர், இசுலாமியச் சகோதரர் வாழும் தெருவின் குறையும் நம் மனுவில் இருக்கட்டும். கணக்கையும் கேளுங்கள், வேலை முடிந்ததும் செலவு விவரத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தன் பங்கைத் திரட்ட முடியாத ஒரு தெருவைக் கண்டுபிடியுங்கள். இந்த ஆண்டு நம் திருவிழாச் செலவில் வாணவேடிக்கையைக் கொஞ்சம் குறைத்தால், அந்தத் தெருவின் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பகுதியையாவது நம் பங்கு கொடுக்கலாம். பாதுகாவலரான புனிதர் இதற்காக நம்மேல் வருத்தப்படமாட்டார்.

மன்றாடுவோம். ஆண்டவரே, இடிந்த நகரைக் கண்டு அழும் கண்களை நெகேமியாவுக்குத் தந்தீர். எங்களுக்கும் அந்தக் கண்களைத் தாரும். எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் உடைப்பை நாங்கள் கட்டவும், கட்டும் வலிமை இல்லாதவர் வாசலில் அவர்களோடு சேர்ந்து கல் சுமக்கவும் எங்களுக்கு அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.