காமிராவின் முன் வாயில்லாப் பிராணிகள்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்ற மாதம் நம் காரியதரிசி அவர்கள் என் ஸ்டூடியோவுக்கு வந்திருந்து, "கல்வியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் பல உபந்நியாசங்கள் கேட்டாயிற்று, நீர் உம்முடைய தொழிலைப் பற்றி ஏதேனும் பேசலாகாதா?" என்று வினவினார்கள். யான் மேடையேறிப் பழகியவனல்லன். பிறரை மேடையில் நிறுத்தி, "சற்றே தலையை நிமிர்த்துங்கள்" என்று சொல்லிப் பழகியவன். ஆயினும் பெரியோர் கட்டளையை மறுக்கமாட்டாமல் இங்கு வந்து நிற்கின்றேன். சொற்குற்றமும் பொருட்குற்றமும் இருக்குமாயின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சைதாப்பேட்டையில் என் தகப்பனார் தொடங்கிய ஸ்டூடியோவை யான் நடத்தி வருவதை உங்களிற் பலர் அறிவீர்கள். உங்கள் வீட்டுக் கூடங்களில் தொங்கும் படங்களிற் சில எங்கள் கைப்பட்டவையே. மனிதரைப் படம் பிடிப்பதே எங்கள் ஜீவனம். அப்படியிருக்க, நாயையும் பூனையையும் படம் பிடிக்கும் பித்து எனக்கு எவ்வாறு பற்றியது என்பதையே இன்று சொல்லப் போகின்றேன்.

முதலில் ஒரு பழங்கதை. 1839-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவருடைய முறை வெளியிடப்பட்டபோது, ஒரு முகத்தைத் தகட்டிற் பதிப்பதற்கு வெகுநேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை நிறுத்திப் பிடரியைத் தாங்கச் செய்வார்கள். கைக்குழந்தையானால், தாயைத் துணியால் மூடி நாற்காலிபோல் தோன்றச் செய்து, அவள் மடியிற் குழந்தையை வைத்துப் படம் பிடிப்பதும் உண்டு. நம் பாட்டனார்களின் படங்களில் சிரிப்பு ஏன் இல்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாலையாட்டும் பிராணியின் கதியோ சொல்ல வேண்டுவதில்லை. உடல் பதியும், வால் புகையாய்ப் போகும். 1878-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரமாகப் பல காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் பதிவு செய்தார். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழும்புகின்றன என்பதும், அப்போது அவை சித்திரக்காரர் எழுதியதுபோல் முன்னும் பின்னும் நீண்டிராமல் வயிற்றின்கீழ் ஒடுங்கியிருக்கின்றன என்பதும் அன்றே கண்ணாரத் தெரிந்தன. எத்தனை நூற்றாண்டு குதிரையோடு வாழ்ந்தும் மனிதன் அதைக் காணவில்லை!

நிற்க. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டையையும் ஜாபர்கான்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்தபின் என் ஸ்டூடியோவைத் தேடி இரண்டு விதமான வேலைகள் வந்தன. ஒன்று, நனைந்துபோன ஆல்பங்கள். ஜனங்கள் நகையையும் பத்திரத்தையும் தேடியபின் அடுத்தபடியாகத் தேடியவை படங்களே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பலர் காயவைத்துப் பிய்த்தெடுக்க முயன்று முகங்களை இழந்துவிட்டார்கள். காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, தாமாகப் பிரியும்வரை பொறுத்திருந்து, நிழலில் முகம் மேலாகப் பரப்ப வேண்டும். இதை இங்கே சொல்லி வைக்கிறேன், யாருக்கேனும் உதவக்கூடும்.

அவ்வாறு பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டியார் என் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு படத்தைத் தேடினார். கலியாணப் படம் வந்தது; அதை ஒதுக்கினார். சஷ்டியப்தபூர்த்திப் படம் வந்தது, அதையும் ஒதுக்கினார். கடைசியில், காலஞ்சென்ற அவர் கணவர் முற்றத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு தெருநாய் அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு நிற்கும் சிறு படம் ஒன்று கிடைத்தது. அதை வீட்டில் யாரோ எடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் சரியில்லை, சட்டமும் கோணல். "இதில்தானப்பா அவர் சிரிக்கிறார்" என்றார் அந்த அம்மையார். மற்ற இரண்டு படங்களும் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவை என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

வந்த மற்றொரு வேலை, வெள்ளத்தில் மீட்கப்பட்ட நாய்களையும் பூனைகளையும் படம் பிடிப்பது. எனக்குப் பழக்கமான ஒரு கால்நடை வைத்தியர், "சொந்தக்காரர்கள் அடையாளங் கண்டு அழைத்துப் போகவும், கேட்பாரற்றவற்றுக்குப் புது வீடு கிடைக்கவும் நல்ல படம் வேண்டும், வருவீரா?" என்று அழைத்தார். அங்கே முன்பே எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். கம்பிக் கூண்டின் வெளியே நின்று, மின்வெட்டு விளக்கைப் போட்டு, மேலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு பிராணியின் கண்ணும் பச்சையாகத் தீப்பந்தம்போல் எரிந்தது. நாய், பூனை, பசு முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னே, இருளிற் பார்ப்பதன்பொருட்டு ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இயற்கையிலேயே உண்டு. மனிதருக்கு அது இல்லை. எதிரே விளக்கைப் போட்டால் அப்படலம் பளபளக்கும். சாதுவான பிராணியும் பேய்போல் தோன்றும். அதைக் கண்டு எந்தத் தாய் தன் குழந்தைக்குத் துணையாக அழைத்துப் போவாள்?

முதல் நாள் யான் பட்ட பாட்டை என்னென்பேன்! மனிதரிடம் "இங்கே பாருங்கள்" என்று சொல்லலாம். நாய்க்கோ நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பதாகும். காமிராவின் லென்ஸ் இமைக்காத பெரிய கண்ணாக அதற்குத் தோன்றுகிறது. எனவே முதல் அரைமணி காமிராவைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பதே வேலை என்று கற்றுக்கொண்டேன். உறக்கமில்லாமலே நாய் கொட்டாவி விட்டாலும், தின்பண்டமில்லாமலே உதட்டை நக்கினாலும், முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்த்தாலும், "எனக்கு அச்சமாயிருக்கிறது" என்று அது சொல்வதாக அறிதல் வேண்டும். அப்போது படம் எடுக்கலாகாது. எழுந்து போய்விட வேண்டும். புதுமையான ஓசை ஒன்றைச் செய்தால் காதை நிமிர்த்திப் பார்க்கும், ஆனால் ஓரிருமுறைதான். அதன்பின் அந்த வித்தை பலிக்காது.

கறுப்பு நாயின் சங்கடம் தனி. காமிராவினுள் இருக்கும் வெளிச்சமானி எதிரே இருப்பது கறுப்பா வெளுப்பா என்று அறியாது. எல்லாவற்றையும் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடும். கறுப்பு நாய் சட்டத்தை நிரப்பி நின்றால் சாம்பல் பூசியதுபோல் வரும். பின்னால் வெயில் இருந்தாலோ கண்ணும் மூக்கும் தெரியாத கரிக்கட்டையாகும். மரநிழலில், ஒரு பக்கத்திலிருந்து ஆகாய வெளிச்சம் விழுமாறு நிறுத்தி, மானி சொல்வதைவிட ஒளியைக் குறைத்து எடுத்தால், அதன் ரோமம் நீலமும் பழுப்புமாக மினுங்குவதைக் காணலாம். கறுப்பு அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பூனையொன்றை இவ்வாறு எடுத்த படத்தை என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதன் விலையைக் கேட்கிறார்கள். விலையா? அது அந்த விடுதியின் வாயிற்படியிலே பிறந்தது!

இங்கே ஒரு வார்த்தை; சபையோர் கோபிக்கலாகாது. நாய் வேண்டும் என்று வருவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "ஜாதி நாயா?" என்பது. (சிரிப்பு.) ஜாதிச் சங்கத்தின் மேடையில் நின்றுகொண்டு யான் இதை அதிகம் விரித்துரைத்தல் ஆகாது. (பெருஞ் சிரிப்பு.) ஆனால் பனி நாட்டில் வளரும் ஜடை நாயை வாங்கிச் சென்னை வெயிலிற் கட்டிப்போட்டு, அது இளைக்க ஆரம்பித்ததும் இரவோடிரவாகப் பாலத்தடியில் அவிழ்த்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்கப்பட்டு யான் படம் பிடித்தவற்றில் இத்தகைய ஜாதி நாய்கள் சில உண்டு. நம் தேசத்து ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் ஒருபுறமிருக்க, பெயரில்லாத தெருநாய்க்கு இந்த வெயிலும் மழையும் பழகிப்போனவை. கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளமாக அதன் காது நுனி சிறிது கத்தரிக்கப்பட்டிருக்கும். "அதைக் கம்ப்யூட்டரில் சரி செய்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. யான் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது என் பிழையைப் பற்றியது.

வண்டியில் அடிபட்டு முன்னங்கால் ஒன்றை இழந்த செவலை நாய் ஒன்று அந்த விடுதியில் இருந்தது. நல்ல முகம். யான் கெட்டிக்காரத்தனமாக ஒரு போர்வையை மடித்து, இல்லாத கால் தெரியாவண்ணம் அதைச் சாய்ந்து படுக்கச் செய்து படம் எடுத்தேன். படம் மிக அழகாக அமைந்தது, எல்லாரும் மெச்சினார்கள். வெளியூரிலிருந்து ஒரு குடும்பத்தார் இரண்டு குழந்தைகளோடு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கதவு திறந்ததும் நாய் மூன்று காலால் துள்ளி ஓடி வந்தது. குழந்தைகள் அலறித் தாயின் பின்னே ஒளிந்தார்கள். அந்தத் தகப்பனார் என்னைப் பார்த்து, "ஐயா, முன்னமே தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லியாவது அழைத்து வந்திருப்பேனே" என்றார். அவர் சொன்னதில் நியாயமிருந்தது. அவர்கள் திரும்பிப் போனார்கள். நாய் வாசல் வரைக்கும் கூடவே போய் நின்றது.

மறுவாரமே வேறு படம் எடுத்தேன். பட்டப்பகலில், மூன்று காலில் நின்றுகொண்டு, காற்றை மோந்து பார்ப்பதுபோல. நான்கு மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயினி வந்து, மாடிப்படி ஏறுமா என்று மட்டும் கேட்டு, அழைத்துப் போனார்.

அடுத்து யான் சொல்லப்போவது நம்மவர் வீட்டில் நடந்தது. எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். ஒரு சுபகாரியத்தை ஒட்டிக் குடும்பத்தாரையெல்லாம் நிறுத்திப் படம் எடுக்க அழைத்திருந்தார்கள். நாயும் படத்தில் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். வீட்டுக்காரரின் தங்கை, இளமையிலேயே கணவரை இழந்தவர், அந்த வீட்டிலேதான் இருக்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே விலகித் தூணருகே போய் நின்றார். யாரும் வா என்றும் அழைக்கவில்லை. இருபது பேர் வரிசையாக நிற்க, ஐந்து படம் எடுத்தேன். பார்த்தால் ஐந்திலும் நாய் காமிராவைப் பாராமல் வலப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஓசை செய்து பார்த்தேன், பிஸ்கட்டைக் காட்டினேன். அது தூணையே பார்த்தது. அதற்குச் சோறு வைப்பவர் அங்கே அல்லவா நின்றார்!

அப்போது யான் உரக்கச் சொன்னேன்: "அம்மா, தாங்கள் வந்து நடுவில் உட்கார்ந்தாலொழிய இந்தப் பிராணி என்னைப் பார்க்காது போலிருக்கிறது." ஒருவரும் பேசவில்லை. வீட்டுக்காரர் தம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பின்னர் சின்னப் பிள்ளையொன்று, "வாங்க அத்தை" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார்; நாய் அவர் மடியில் முகத்தை வைத்து நேரே என்னைப் பார்த்தது. ஒரே படம்தான் எடுத்தேன்.

பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னது எந்தப் படத்தை என்று கேட்பீர்கள். முதல் ஐந்தில் ஒன்றைத்தான். நாய் திரும்பிப் பார்க்கும் படத்தை. அது இப்போது அந்தக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. நாய் எதைப் பார்க்கிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் கலாசாலையில் வாசிக்கும் அவ்வீட்டுப் பேரன் தனியே வந்து, மற்றப் படத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு, பணமும் கொடுத்து வாங்கிப் போனான்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதுவே காமிராவாகவும் இருக்கிறது. எனக்குத் தொழிற்போட்டி என்று மறைத்து வைக்காமல் சொல்லுகிறேன். வளர்க்கும் பிராணியைப் படம் எடுக்கையில் நின்றுகொண்டு எடாதீர்கள். அதன் கண் மட்டத்துக்கு உங்கள் முழங்காலை மடக்கி இறங்குங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், விளக்கைப் போடாதீர்கள். தலையில் தொப்பியும் கண்ணில் கண்ணாடியும் மாட்டி வேடிக்கை பண்ணாதீர்கள். 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச்சட்டம் வருவதற்கு ராஜ்யசபையில் முன்னின்று பாடுபட்டவரும், 1962-இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவராய் இருந்தவரும் சென்னையிலே கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அம்மையார் என்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்திருத்தல் நலம். நாய் கிழமானபின், "பிறகு எடுக்கலாம்" என்று தள்ளிப் போடவேண்டாம். அது இறந்த மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்து, பழைய செல்போனிலுள்ள மங்கலான ஒன்றைக் காட்டி, "இதைத் தெளிவாக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு என்ன விடை சொல்வதென்று இன்றளவும் எனக்குத் தெரியவில்லை.

நம் சங்கத்தின் வருஷோற்சவம் அண்மையில் வருகிறது. அன்று அங்கத்தினர் குடும்பங்களை இலவசமாகப் படம் பிடித்துத் தருவதாகக் காரியதரிசி அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மண்டபத்தின் வடக்கு வாயிலருகே வேப்பமரத்தடியில் இருப்பேன். வீட்டிலுள்ளவர் அனைவரும் வருக. எத்தனை நாற்காலி வேண்டுமானாலும் போடச் சொல்லியிருக்கிறேன். பிராணிகளை அழைத்து வருவோர் மட்டும் தயை செய்து காலை 8 மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும். அதன்பின் நாதஸ்வரமும் தவுலும் தொடங்கிவிடும்.