எட்ட இருந்து கூடி உழைத்தல்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை அடுத்த எங்கள் தெருவில் முன்பெல்லாம் காலை எட்டு மணிக்கு ஒரு பரபரப்பு இருக்கும். தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக இளைஞர்கள் தரமணிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் விரைவார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. அந்தப் பரபரப்பும் அடங்கியது. அலுவலகமே வீட்டுக்குள் புகுந்துகொண்டது. பெருநோய் தணிந்த பின்னும் அவ்வழக்கம் முற்றும் நீங்கவில்லை. வாரத்தில் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் இல்லத்திலும் பணி செய்வோர் இன்றும் பலர்.

இவர்களுள் பெரும்பாலோர் குழுவாக உழைப்பவர்கள். கணிப்பொறிக்கான ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்பை ஒருவர் வகுக்கிறார், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் பிழை சோதிக்கிறார். முதல்வர் அடையாற்றில் இருப்பார். அடுத்தவர் தியாகராய நகரில் இருப்பார். மூன்றாமவர் கோவையிலே இருப்பார். இவர்கள் பிரிந்திருந்தும் பிணைந்திருப்பது எங்ஙனம்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி 2021-ஆம் ஆண்டில் முதன்முதலாக இத்தகைய வேலையில் அமர்ந்தாள். குழுவில் எவரையும் அவள் நேரில் கண்டதில்லை. அவளுக்கு ஒப்படைத்த பகுதியில் ஓரிடம் விளங்கவில்லை. நாள்தோறும் காலையில் கணிப்பொறித் திரையில் குழு கூடும். “யாருக்கேனும் இடர் உண்டா?” என்று தலைவர் கேட்பார். எல்லோரும் இல்லை என்பார்கள். அவளும் இல்லை என்பாள். எட்டு நாள் இவ்வாறு கழிந்தது. ஒன்பதாம் நாள் குழுவின் வேலை முழுவதும் அவள் பகுதியில் வந்து முட்டி நின்றது. தலைவர் கடிந்துகொண்டார். அவள் கலங்கிய கண்ணோடு என்னிடம் வந்து, “ஐயா, பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்திருந்தால் மெல்லக் கேட்டிருப்பேன். திரையில் பன்னிரண்டு முகங்களுக்கு முன்னே கேட்க நா எழவில்லை” என்றாள். இரண்டு திங்களில் அவ்வேலையை விட்டுவிட்டாள்.

அத்தலைவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. நானும் பல ஆண்டு வகுப்பில் நின்று, “புரிந்ததா?” என்று கேட்டவன். “புரிந்தது ஐயா!” என்று நாற்பது குரல்கள் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலியில் கடைசிப் பலகை மாணவனின் மௌனம் மறைந்துபோகும். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு: முதலில் வினாவைக் கேள்; சற்றுப் பொறு; பிறகு ஒருவனைப் பெயர் சொல்லி அழை. பயிற்சியில் கற்றதை வகுப்பில் மறந்தவர்களுள் நானும் ஒருவன். வகுப்பறையில் மாணவன் முகமாவது காட்டிக்கொடுக்கும். திரையிலோ முகமும் தெளிவாய்த் தெரிவதில்லை. ஆகவே, வேலையைக் கெடுப்பது தொலைவன்று. தொலைவு மறைத்துவிடும் மௌனமே.

இதற்கு நம் நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி வியந்தார், ஆயினும் முடிவுகளுக்கு நிரூபணம் கேட்டார். நிரூபணம் கேட்பது கணித உலகின் வழக்கம். ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வந்த அக்கேள்விக்கு இராமானுஜன் தம் நிரூபணங்களை அனுப்பத் தயங்கினார். நல்லெண்ணம் கொண்ட இருவரிடையே வெறுங்காகிதம் இவ்வாறு திரையிட்டது. 1914-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெவில் என்னும் கணித ஆசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். இருவரும் நேரில் அமர்ந்து பேசினார்கள். சில சந்திப்புகளுக்குள் இராமானுஜன் தம் குறிப்பேட்டையே அவரிடம் கொடுத்துவிடத் துணிந்தார். அவ்வாண்டு மார்ச்சில் கப்பலும் ஏறினார். பல மாதக் கடிதங்கள் தராத நம்பிக்கையைச் சில நாள் பழக்கம் தந்தது.

அவ்வாறாயின், நேரில் காணாதவர்கள் கூடி உழைக்கவே முடியாதா? முடியும். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் என்னும் முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஒருவர் தட்டெழுதுவார், வேறொருவர் பிழை திருத்துவார், பின்னரே நூல் வெளியாகும். தம் பங்கு எது, அடுத்துப் பெறுபவர் யார் என்பதில் மயக்கம் இல்லாமையால் வேலை நடந்தது.

எனவே எட்ட இருந்து உழைக்கும் குழுக்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. யார் எதைச் செய்வது என்பதையும், எதை ஏன் முடிவு செய்தோம் என்பதையும் எழுதி வையுங்கள். வாய்ச்சொல் வராதவர் செவிக்கு எட்டாது. புதியவரைத் தொடக்கத்திலேயே ஒருமுறை நேரில் காணுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாய்க் கேட்பதோடு நில்லாமல், பேசாதவரைத் தனியே அழைத்து, “எந்த இடத்தில் நிற்கிறாய்?” என்று கேளுங்கள். அவர் தமக்குத் தெரியவில்லை என்று சொன்னால் கடியாதீர்கள். ஒருமுறை கடிந்தால் மறுமுறை அவர் சொல்லமாட்டார். மாலையில் வேலை முடியும் நேரத்தையும் வரையறுத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு வரும் செய்தி பிணைப்பன்று, தளை.

என் மாணவி இப்போது வேறொரு குழுவில் இருக்கிறாள். அங்குள்ள தலைவி வாரம் இருமுறை பத்து நிமிடம் அவளோடு மட்டும் பேசுகிறாராம். “முதல் வாரத்திலேயே ஏழு கேள்வி கேட்டுவிட்டேன், ஐயா” என்றாள். வகுப்பில் என்னிடம் ஓராண்டில் அவள் ஏழு கேள்வி கேட்டதில்லை. அந்தப் பத்து நிமிடத்தை அன்று நான் கொடுத்திருக்கலாமே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.